எங்கள் வீட்டுக் கவரிமான் வால்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "ஸார், வழக்கமா எழுதுற ஹாஸ்டல் சாப்பாடு, கட் அடிச்சிட்டு மேட்னி ஷோ போன கதையெல்லாம் நிறைய வந்துடுச்சு. நீங்க ஹிஸ்டரி ஆளு. ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுங்க" என்று கேட்டார்கள். எதைப்பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். சரபோஜி மன்னரைப்பற்றி எழுதலாம், புதுஆற்றைப்பற்றி எழுதலாம். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். வேறு யாரும் எழுத முடியாத விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு மான் வால்.

சிரிக்க வேண்டாம் நண்பர்களே. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போனதில், நம் துறையில் மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்த 'சான்று' என்ற சொல்லுக்கு எனக்கு அறுபது வயதுக்குமேல்தான் அர்த்தம் புரிந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்ததை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை எல்லாம் தலைமுறை தலைமுறையாக நின்றது ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. எங்கள் கிராமத்து ஓட்டு வீட்டின் பின்கட்டு இறங்கிவிட்டது. விடிந்ததும் ஓடு பொறுக்கினோம். பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டி ஒன்று கீழே விழுந்து, மூடி நெளிந்து திறந்து கிடந்தது. உள்ளே அப்பாயியின் ஒரு பட்டுப்புடவை, செல்லரித்த கணக்கு நோட்டுகள், வெள்ளைத்துணி முடிச்சு ஒன்று. முடிச்சை அவிழ்த்தால் வசம்பு வாசனை. அதற்குள் அந்த வால்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும் வயதில் அதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். சின்னத் தாத்தா (என் தாத்தாவின் தம்பி) உயிரோடு இருந்தவரை அதைக் கணக்கு மேஜையில் வைத்து, நோட்டுமேல் படிந்த தூசியைத் தட்டுவாராம். "கவரிமான் வால்டா. நானே சுட்டது" என்பது அவர் வாக்கு. வீட்டில் யாராவது கௌரவம் பார்த்து முறுக்கிக்கொண்டால், "இவரு கவரிமான் பரம்பரை, பெட்டியில வால் இருக்கு" என்று அத்தை கேலி செய்வார். 1979-ல் சிவாஜி நடித்த 'கவரிமான்' படம் வந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் ஏதோ சொந்தக்காரர் படம் மாதிரி போய்ப் பார்த்தோம்.

வரலாறு படித்தவனுக்கு அங்கேயே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது வந்தது.

'கவரிமான்' என்று ஒரு மானே கிடையாது. குறளில் வருவது 'கவரிமா'. 'மா' என்றால் விலங்கு. யானையும் மா, குதிரையும் மா. மயிர் நீங்கினால் உயிர் வாழாது என்று வள்ளுவர் சொன்ன அந்த விலங்கின் பெயரோடு நாம் ஒரு 'ன்' சேர்த்துக் காலண்டர் படத்தில் மானாக்கிவிட்டோம். கவரி என்பது இமயமலைப் பக்கத்து யாக் எருது. அதன் வால் மயிர் நீளமாக, அடர்த்தியாக, குதிரை வால் மாதிரி தொங்கும். அதை வெட்டிப் பிடி போட்டால் வெண்சாமரம். நம் கோயில்களில் சுவாமிக்கு வீசுவது அதுதான். சங்கப் புலவர்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. புறநானூற்றில் கவரியை வடக்கே இமயத்தோடு சேர்த்துத்தான் பாடுகிறார்கள், நரந்தம்புல் மேய்ந்துவிட்டு நிழலில் படுத்திருப்பதாக. முரசு கட்டிலில் தெரியாமல் ஏறித் தூங்கிவிட்ட மோசிகீரனாருக்கு, தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய கதையைப் பள்ளியிலேயே படித்தோம். அந்த வால் தமிழ்நாட்டு மிருகத்தின் வால் இல்லை. எத்தனையோ கைமாறி மலையிறங்கி வந்த சரக்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாக்காரர் ஒருவர், காஸ்மாஸ் என்று பெயர், வியாபாரியாக இருந்து பின்னால் துறவியானவர், இந்தியாவைப்பற்றியும் பேசும் ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு காட்டு எருதைக் குறிப்பிடுகிறார். அதன் வால் மயிரைப் படைத்தலைவர்கள் குதிரைக்கும் கொடிக்கும் கட்டி அலங்கரிப்பார்களாம். அதன் வால் மரத்தில் சிக்கிக்கொண்டால் அது அசையாமல் நின்றுவிடுமாம், ஒரு மயிர்கூடப் போகக் கூடாதென்று. ஊர்க்காரர்கள் வந்து வாலையே வெட்டிக்கொண்டு போவார்களாம். வால் போன பிறகு அது ஓடிவிடுமாம்! வள்ளுவர் சொன்னதும் அவர் கேட்டதும் ஒரே கதையின் இரண்டு கிளை என்பது என் எண்ணம். நம் கதையில் மானத்தோடு செத்துப்போகிறது. அவர் கதையில் வால் இல்லாமல் பிழைத்துப் போகிறது. எது மிருகத்தின் சுபாவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஜூவாலஜி நண்பர்கள் சொல்லட்டும்.

ஜூவாலஜி என்றதும் ஞாபகம் வருகிறது. நம் செட்டிலேயே ஜூவாலஜி படித்து, பிறகு பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பன் ஒருவன் இருக்கிறான். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். புயல் முடிந்து கரண்ட் வந்து, ஒரு மாதம் கழித்து, துணி முடிச்சோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். மேல்பக்கம் செம்பழுப்பு. அடிப்பக்கம் வெள்ளை. மயிர் ஒரு விரற்கடைக்குமேல் இல்லை.

"டேய், இதுல யாருக்குடா வெண்சாமரம் வீசப்போற? இது புள்ளிமான் வால்."

வெளிமானாக இருக்கலாமே என்று கேட்டேன். நம் பக்கம் கோடியக்கரையில் பேர் போனது வெளிமான்தானே என்ற நப்பாசை. "வெளிமான் வால் இதைவிடக் குட்டை. அதோட அது சாஸ்திரப்படி மானே இல்லை, ஆன்டிலோப். கொம்பு விழாது. புள்ளிமானுக்குத்தான் வருஷா வருஷம் கொம்பு விழுந்து முளைக்கும்" என்று ஒரு பீரியட் எடுத்துவிட்டான். புள்ளிமான் ஆபத்தைக் கண்டால் வாலைத் தூக்கும். அடிப்பக்கத்து வெள்ளை மற்ற மான்களுக்குப் பளிச்சென்று தெரியும். எங்கள் வீட்டில் தூசி தட்டியது ஒரு அபாய அறிவிப்புக் கொடி.

அடுத்து அவன் செய்தது எனக்குத் தோன்றியே இருக்காது. வாலின் அடிமுனையை அழுத்திப் பார்த்தான். "உள்ளே எலும்பு இருக்கு. இதைப் பண்ணினவனுக்குத் தொழில் தெரியாது" என்றான்.

மிருகத்தின் வாலை வைத்திருக்க வேண்டுமானால், அடிப்பக்கமாகத் தோலைக் கீறி, எலும்பை உருவி எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுரண்டிவிட்டு, உப்பு தேய்த்து நிழலில் காயப்போட வேண்டுமாம். எலும்பும் சதையும் உள்ளேயே இருந்தால் அழுகும். வேர் இளகி மயிர் கொத்துக்கொத்தாய் உதிரும். வெயிலில் காயப்போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். உப்பு செய்வது ஈரத்தை இழுப்பதுதான். அதோடு விட்டால் அது காய்ந்த பச்சைத்தோல், பதனிட்ட தோல் இல்லை. பதனிடுவதென்றால் ஆவாரம்பட்டை மாதிரி துவர்ப்புள்ள சரக்கில் ஊற வேண்டும். நம் மாகாணத்துத் தோல் உலகச் சந்தையில் பேர் வாங்கியதே ஆவாரம்பட்டையால்தான். எங்கள் வாலுக்கு உப்பு மட்டும்தான். அதுவும் அரைகுறை. நுனியில் மயிர் உதிர்ந்து சொட்டையாக இருந்ததற்குக் காரணம் அதுதான். இவ்வளவு வருஷம் பூச்சி அரிக்காமல் நின்றது அப்பாயி போட்ட வசம்பால். சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு எல்லாம் இடித்துத் துணியில் கட்டி வைப்பார்கள் அல்லவா, அப்பாயிக்கு அந்த வைத்தியம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் காசுள்ளவர்கள் இதையெல்லாம் வீட்டில் செய்யவில்லை. மைசூரில் வான் இங்கன் என்று ஒரு கம்பெனி 1900 முதல் ஏறக்குறைய நூறு வருஷம் நடந்தது. ராஜாக்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் சுட்ட புலி, சிறுத்தைகள் ஆயிரக்கணக்கில் அங்கே போய், காகிதக்கூழ் அச்சுமேல் தோல் போர்த்தப்பட்டு, கண்ணாடிக் கண்ணோடு, வாயைத் திறந்துகொண்டு திரும்பி வந்தன. தோலைப் பூச்சி தொடாமல் இருக்க ஐரோப்பாவில் ஆர்சனிக் சோப்பு போடுவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஒரு மருந்துக்காரர் கண்டுபிடித்தது. பழைய பாடம்செய்த உருப்படிகளை வெறுங்கையால் தடவக் கூடாது என்று மியூசியத்தில் சொல்வது அதற்குத்தான். லண்டனில் ரோலண்ட் வார்டு என்பவரின் கம்பெனி 1892 முதல் கொம்பு நீளங்களின் ரெக்கார்டுப் புத்தகமே போட்டது. எந்த ஊரில், யார் சுட்டது, எத்தனை அங்குலம் என்று. கொம்புக்குக் கணக்கு உண்டு. வாலுக்கு யாரும் ரெக்கார்டு போடவில்லை.

இங்கேதான் எனக்கு அடுத்த சந்தேகம் முளைத்தது. சின்னத் தாத்தா மானைச் சுட்டிருந்தால் கொம்பு எங்கே? தோல் எங்கே? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மான்கொம்பு சாதாரணம். திண்ணைச் சுவரில் மரக்கட்டையில் பொருத்தி, சட்டை மாட்டியிருப்பார்கள். வெளிமான் கொம்பு இரண்டை எதிரெதிராக வைத்துக் கட்டினால் சிலம்பக்காரர்களின் 'மடுவு'. மான்தோல் பூஜைக்கு உதவும். பூணூல் கல்யாணத்தில் பையனின் பூணூலில் ஒரு துண்டு கட்டுவார்கள். இதெல்லாம் இருக்க, ஒருவர் வாலை மட்டும் எடுத்துக்கொண்டு வருவாரா?

அத்தைக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. கேட்டேன்.

"யாரு, சித்தப்பாவா? அவரு துப்பாக்கியைத் தொட்டதே கெடையாதுடா. லைசென்ஸ் மிராசுதாருக்குல்ல இருந்துச்சு. இவரு அங்க கணக்குப்புள்ள. வேட்டைக்குப் போறப்ப கட்டுச்சோத்துக் கூடையும் சோடாப்பெட்டியும் இவரு பொறுப்பு. கோடியக்கரை காட்டுப்பக்கம் போனாங்களாம். காட்டைக் கலைக்கிறதுக்கு நாலு ஆளு. மான் விழுந்துச்சு. கொம்பும் தோலும் மிராசுதாருக்கு. தொடை ரெண்டும் கூட வந்த தொரைமாருக்கு. காடு கலைச்சவங்களுக்குக் கொடலு குந்தாணி. இவரு கூடையைக் கட்டிக்கிட்டு நின்னாராம். 'கணக்குப்புள்ளைக்கு என்னய்யா'ன்னு யாரோ கேட்டிருக்காங்க. மிராசுதாரு சிரிச்சுக்கிட்டே வாலை அறுத்து வீசினாராம்."

"அதையா இவ்வளவு வருஷம் வச்சிருந்தாரு?"

"வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு சாப்பிடலைன்னு எங்க அம்மா சொல்லும். மூணாம் நாளு அவரே உப்பு தடவிக் காயப்போட்டாராம்."

நான் எதிர்பார்த்துப் போன கதை இது இல்லை. கேலிக்குக் கொடுத்த வாலை மனுஷன் ஏன் காயவைத்து மேஜையில் வைத்தார், அதைக் 'கவரிமான் வால்' என்று ஏன் சொல்லத் தொடங்கினார் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். மயிர் நீங்கினால் வாழாதது கவரிமா. அவர் தமிழ் படித்தவர். குறள் தெரியாமல் சொல்லியிருக்க மாட்டார். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேட்டையில் பங்கு பிரிப்பது எல்லா நாட்டிலும் இருக்கிற வழக்கம்தான். இங்கிலாந்தில் நரி வேட்டை முடிந்ததும் வாலை அறுத்து, கடைசிவரை குதிரையில் கூடவே வந்தவருக்கு மரியாதையாகக் கொடுப்பார்கள். கலைமான் வேட்டையில் குளம்பைக் கொடுப்பார்கள். துருக்கியில் பாஷாக்களின் அந்தஸ்தே அவர்கள் கொடிக்கம்பில் எத்தனை குதிரை வால் தொங்குகிறது என்பதில்தான் இருந்தது. மூன்று வால் பாஷா என்றால் பெரிய ஆள். அங்கெல்லாம் வால் மரியாதை. எங்கள் தாத்தாவுக்கு வந்தது மிச்சம்.

வாலை வைத்து வீரம் காட்டிய கதை அமெரிக்காவில் ஒன்று இருக்கிறது. நண்பர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1861-ல் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, பென்சில்வேனியா மாநிலத்து மலைக்காட்டு மரம்வெட்டிகளையும் வேட்டைக்காரர்களையும் சேர்த்துத் தாமஸ் கேன் என்பவர் ஒரு துப்பாக்கிப் படை திரட்டினார். படையில் சேருகிறவன் குறிபார்த்துச் சுடத் தெரிந்தவன் என்பதற்கு அடையாளமாகத் தொப்பியில் ஒரு மான் வாலைச் செருகிக்கொள்ள வேண்டும். 'பக்டெய்ல்ஸ்' என்றே அந்தப் படைக்குப் பெயர் வந்தது. மான்வால் படை என்று சொல்லலாம். கேட்கவே கம்பீரமாக இருக்கிறது அல்லவா? முதல் வால் எங்கிருந்து வந்தது என்றால், ஸ்மெத்போர்ட் என்கிற ஊரில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரே கறிக்கடை. வாசலில் ஒரு மான் தொங்கியது. சேர வந்த ஒரு சிப்பாய் போய் வாலை அறுத்துத் தொப்பியில் செருகிக்கொண்டான். கேனுக்கு அது பிடித்துப்போயிற்று. வீரத்தின் சான்றாக ஊரறிந்த அந்த வால் கறிக்கடையில் பிறந்தது. அடுத்த வருஷமே வேறு இரண்டு படைகளும் வால் செருகிக்கொண்டன. பழையவர்கள் அவர்களைப் 'போலி மான்வால்கள்' என்று திட்டினார்கள்! அந்தப் படை பிறகு நிஜமாகவே கடுமையான சண்டைகளில் நின்றது, அதையும் சொல்லியாக வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குச் சின்னத் தாத்தாமேல் இருந்த வருத்தம் பாதி குறைந்தது. அவர் ஒருவர்தான் சுடாத மானுக்கு உரிமை கொண்டாடினார் என்பது இல்லை. நம் மல்லிப்பட்டினத்துப் பக்கம் கடற்கரையில் நிற்கும் மனோராவைத்தான் பாருங்களேன். காலேஜ் டூர் என்று எத்தனை தடவை போயிருப்போம். நெப்போலியன் வீழ்ந்ததற்கும் இங்கிலீஷ்காரர்கள் ஜெயித்ததற்கும் ஞாபகமாக 1814-15-ல் இரண்டாம் சரபோஜி கட்டியது. அதற்குப் பல வருஷம் முன்பே, 1799-லேயே, ராஜ்ஜிய நிர்வாகம் அவர் கையைவிட்டுக் கம்பெனியிடம் போய்விட்டது. ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு, ராஜ்ஜியம் இல்லாத ராஜா, பட்டுக்கோட்டைக் கடற்கரையில் எட்டு அடுக்கு எழுப்புகிறார். அந்த மன்னரின் அறிவில் எனக்குக் குறைவான மதிப்பு இல்லை. சரஸ்வதி மகாலை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆனாலும் மனோரா அடுத்தவன் சுட்ட மானின் வால்தான் என்று இப்போதெல்லாம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது தோன்றுகிறது.

சரி, வால் கிடைத்தது, கதை கிடைத்தது. வாலை என்ன செய்வது? மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டலாம் என்றுதான் நினைத்தேன். வக்கீலாக இருக்கும் இன்னொரு வகுப்புத் தோழன் பயமுறுத்திவிட்டான்.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'டிராஃபி' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. நாம் ஸ்போர்ட்ஸ் டேயில் வாங்கிய கோப்பை இல்லை. வேட்டை நினைவுப்பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். காட்டு விலங்கின் முழு உடலோ, அதில் எந்தப் பாகமோ, எந்த விதத்தில் வைத்துப் பாதுகாத்தாலும் அது டிராஃபி. தோல், கொம்பு, எலும்பு, மயிர், நகம், பல், இறகு என்று வரிசையாகச் சொல்கிறது. வால் என்ற வார்த்தை தனியாக இல்லை. எந்தப் பாகமும் என்பதில் வாலும் வந்துவிடுகிறது. பாடம் செய்யாததற்கு 'பதப்படுத்தாத டிராஃபி' என்று இன்னொரு பெயர். எலும்போடு உப்புத் தடவிய எங்கள் சரக்கு அந்த வகை என்று தோழன் சொன்னான்.

வெளிமான் மாதிரி முதல் பட்டியலில் உள்ள விலங்கின் பொருள் வீட்டில் இருந்தால், சட்டம் வந்த 30 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு எழுதிக்கொடுத்து உரிமைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கொடுக்காமல் விட்டவர்களுக்கு 2003 ஏப்ரலில் 180 நாள் கடைசி வாய்ப்புக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு தடவையும் யாரும் அசையவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றே மறந்துபோயிருந்தது. புள்ளிமான் அந்த நாளில் மூன்றாம் பட்டியல். ஆகவே அந்தக் கெடு நேராக எங்களைப் பிடிக்காது. அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. தோழன் விடவில்லை. "57-ஆம் பிரிவு இருக்குடா. வழக்குன்னு வந்தா, உன்கிட்ட இருக்கிறது முறையில்லாம வந்ததுன்னுதான் கோர்ட்டு முதல்ல எடுத்துக்கும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நீ. என்ன சான்று வச்சிருக்கே?" என்றான்.

என்ன சான்று வைத்திருக்கிறேன்? அத்தை சொன்ன கதை. வசம்பு வாசனை. செல்லரித்த கணக்கு நோட்டு. அந்த நோட்டுகளையும் புரட்டிப் பார்த்தேன். நெல் கலக்கணக்கு, ஆள் கூலி, வண்டிச் சத்தம், 'வேட்டை வகையில் சோடா' என்று ஓரிடத்தில் ஒரு செலவு. தேதி இருந்த ஓரத்தைச் செல் தின்றுவிட்டது. மானைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்தச் சட்டம் வந்ததில் பலருக்கு வருத்தம் உண்டு என்பது எனக்குத் தெரியும். சுவரில் கொம்பு வைத்திருந்தவர் சான்றிதழ் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். வேட்டையையே பிழைப்பாக வைத்திருந்த நரிக்குறவர் சமூகத்துக்குப் பாசிமணிதான் மிஞ்சியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் 1991 திருத்தத்தோடு வேட்டை லைசென்ஸ் என்பதே ஒழிந்தது நல்லதென்றே நினைக்கிறேன். எனக்கு விவரம் தெரிந்த காலத்திலேயே நிலம் மாறிவிட்டது. 1934-ல் மேட்டூர் அணையும் புதுஆறும் வந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமி நெல்வயலாயிற்று. அது நம்மையெல்லாம் படிக்க வைத்தது, குறை சொல்ல மாட்டேன். புதர்க்காட்டுப் பிராணிகளுக்குப் போக்கிடம் சுருங்கிற்று என்பதும் உண்மைதானே. கோடியக்கரை 1967-ல் சரணாலயமானது நம் அதிர்ஷ்டம்.

இளைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிமான் பார்க்க வேண்டுமானால் ராஜஸ்தான் போக வேண்டியதில்லை. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்கு ஒரு காலைப்பொழுதில் போய்விடலாம். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பூங்குழலி ஞாபகம் வரும். ஒருபக்கம் உப்பளம், ஒருபக்கம் சதுப்பு, நடுவே புல்வெளி. ஆண் வெளிமான் மேலே கறுப்பு, அடியில் வெள்ளை, முறுக்கிய கொம்பு. புள்ளிமானும் உண்டு. ஓடும்போது வாலைக் கவனியுங்கள்.

கஜா அங்கேயும் வந்தது. எங்கள் பரணிலிருந்து பெட்டியைத் தள்ளிய அதே காற்று, அதே ராத்திரி. புயலுக்கு மறுநாள்களில் மான்கள் செத்துக் கரையொதுங்கியதைப் பேப்பரில் படித்தேன். எங்கள் ஊரில் அப்போது பேப்பரே நாலு நாள் கழித்துத்தான் வந்தது. நெளிந்த டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டுதான் அந்தச் செய்தியைப் படித்தேன். பெட்டிக்குள் இருந்தது பத்திரமாக இருந்தது.

2019 தை மாதம், பொங்கல் கழித்து, ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வாலை அதே துணியில் முடிந்து, தோழனையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அத்தை, "கொடுத்துத்தான் ஆகணுமா? வசம்பு மாத்திக் கட்டிட்டியா?" என்று மட்டும் கேட்டார். மாற்றிக் கட்டியிருந்தேன்.

அங்கே ஒரு சின்னவயதுப் பையன் உட்கார்ந்திருந்தான். மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டான். கடிதத்தை முழுக்கப் படித்தான். முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஸ்கேல் எடுத்து அளந்து, ரிஜிஸ்டரில் எழுதினான். 'புள்ளிமான் வால், உலர்ந்தது, ஒன்று.' பிறகு பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஐயா, வேட்டையாடினவர் பேருன்னு ஒரு காலம் இருக்கு. என்ன போடட்டும்?"

தோழன் என்னைப் பார்த்தான். மிராசுதார் பெயர் எனக்குத் தெரியும். அவர் பேரப்பிள்ளைகள் இந்த மலரைக்கூடப் படிப்பார்கள். சின்னத் தாத்தா பெயரும் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலைன்னு போட்டுக்கங்க தம்பி" என்றேன்.